140 பேர் குரூப்பை 14 பேராக் குறைச்ச கதை: பெரியம்மாவோட களஞ்சியத்துல கத்துக்கிட்டது

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டுவிட்டு, திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் குறைத்திருக்கிறோம்.)

இன்னைக்கு கெஸ்ட் யாரும் இல்ல, நான் மட்டும்தான். ஏன்னா இன்னைக்குப் பேசப்போறது நான் சொதப்பின ஒரு விஷயம். அதுக்கு இன்னொருத்தரைக் கூட்டிட்டு வந்து உட்கார வைக்கிறது நல்லா இருக்காது.

ரெகுலரா கேக்குறவங்களுக்குத் தெரியும், நான் பகல்ல ஐடி வேலை பாக்குறேன். அதுபோக மதுரையில ஃப்ரீலான்ஸ் வேலை பாக்குறவங்க மார்க்கெட்டிங் கத்துக்கிறதுக்காக ஒரு குரூப் நடத்துறேன். டிசைனர், வீடியோ எடிட்டர், ஃபோட்டோகிராஃபர், வெப்சைட் பண்றவங்க, மொழிபெயர்ப்பு பண்றவங்கன்னு எல்லாரும் இருப்பாங்க. தொழில் எல்லாருக்கும் நல்லாத் தெரியும். க்ளையன்ட் எங்க இருந்து வருவாங்க, எவ்வளவு சொல்லணும், காசை எப்படி வாங்கணும், இதுதான் தெரியாது.

போன வருஷம் ஒருநாள் ராத்திரி ஒரு மெசேஜ் வந்துச்சு. உசிலம்பட்டிப் பக்கத்துத் தம்பி, வீடியோ எடிட்டர், 24 வயசு. "அண்ணே, அடுத்த மாசத்துல இருந்து நான் வரலண்ணே. சென்னையில ஆபீஸ் வேலை கிடைச்சிருச்சு. குரூப்ல மூணு தடவை டவுட் கேட்டேன், யாரும் பாக்கல போல. பரவால்லண்ணே."

அந்த "பரவால்லண்ணே"தான் என்னைத் தூங்க விடல. குரூப்பைத் திறந்து மேல தள்ளிப் பாத்தேன். முதல் கேள்வி: "மாசம் 20 வீடியோ எடிட் பண்ணச் சொல்றாங்க, மொத்தமா 6,000 ரூபாய்ங்கறாங்க, ஒத்துக்கலாமா?" அதுக்குக் கீழ ஒரு குட் மார்னிங் படம், யாரோட ரீல்ஸ் லிங்க்கோ ஒண்ணு, ஒரு வெபினார் போஸ்டர். ரெண்டு மாசம் கழிச்சு ரெண்டாவது கேள்வி: "முதல் மாசக் காசே இன்னும் வரல, எப்படிக் கேக்குறது?" மூணாவது கேள்வி ஒரே வார்த்தை: "விட்ரலாமா?"

அந்தக் குரூப்ல அப்போ 140 பேர். இந்த மூணு கேள்விக்கும் பதில் தெரிஞ்சவங்க அதுல குறைஞ்சது பத்துப் பேர் இருந்திருப்பாங்க. எனக்கும் பதில் தெரியும். நானும் பாக்கல.

ஆறு பேர், ஒரு டீக்கடை

ஆரம்பிச்சப்ப இப்படி இல்ல. அண்ணா நகர்ல ஒரு டீக்கடை. ஞாயிற்றுக்கிழமை காலையில ஆறு பேர் சேருவோம். யாருக்கு எந்த க்ளையன்ட், யாரு காசு தராம இழுத்தடிக்கிறாங்க, எல்லாம் எல்லாருக்கும் தெரியும். ஒருத்தன் கொட்டேஷன் அனுப்புறதுக்கு முன்னாடி எங்க அஞ்சு பேர்கிட்டயும் காட்டுவான். "இவ்வளவு கம்மியாவாடா சொல்லுவ?"ன்னு திட்டு வாங்கிட்டுதான் அனுப்புவான்.

அப்புறம் ஃப்ரெண்டோட ஃப்ரெண்டு வந்தாங்க. மாசம் 300 ரூபாய்னு வச்சோம். ஆள் கூடிக்கிட்டே போச்சு. 140 பேர், தலைக்கு 300, மாசம் 42,000 ரூபாய். எனக்கு அது பெரிய காசு. வேலையை விட்டுட்டு இதையே முழுநேரமாப் பண்ணலாமான்னுகூட யோசிச்சேன். யாராச்சும் "உங்க கம்யூனிட்டில எத்தனை பேரு?"ன்னு கேட்டா, 140-ன்னு சொல்றதுல ஒரு கெத்து இருந்துச்சு.

ஆனா ஞாயித்துக்கிழமை கால்ல வர்றவங்க 11 பேர். மத்த 129 பேரும் காசு கொடுத்துட்டு சும்மா இருக்காங்க. அதை நான் பிரச்சினையாவே பாக்கல. ஜிம்லகூட காசு கட்டிட்டு வராதவங்கதானே ஜாஸ்தின்னு நினைச்சுக்கிட்டேன்.

பெரியம்மா கேட்ட கேள்வி

அந்தத் தம்பி போன வாரத்துல, அலங்காநல்லூர்ப் பக்கம் எங்க பெரியம்மா வீட்டுக்கு மாத்திரை வாங்கிக் கொடுக்கப் போனேன். "இருப்பா, கூட்டம் இருக்கு, முடிஞ்சதும் சாப்பிட்டுப் போகலாம்"னாங்க. என்ன கூட்டம்னு பாத்தா, அவங்க களஞ்சியம் கூட்டம். சின்ன வயசுல இருந்து இந்த வார்த்தையக் கேட்டிருக்கேன். ஒருநாளும் உட்கார்ந்து கவனிச்சதில்ல. அன்னைக்குத் திண்ணையில உட்கார்ந்து முழுசாப் பாத்தேன்.

பதினெட்டுப் பேர் வட்டமா உட்கார்ந்திருக்காங்க. நடுவுல நோட்டு. ஒவ்வொருத்தரும் சேமிப்பைக் கட்டுறாங்க, கடன் தவணையைக் கட்டுறாங்க, பாஸ்புக்ல எழுதி வாங்கிக்கிறாங்க. அப்புறம் ஒரு அக்கா, ஆடு வாங்க 15,000 ரூபாய் கடன் வேணும்னு கேட்டாங்க. கேள்வி ஆரம்பிச்சுச்சு பாருங்க. எத்தனை குட்டி? யாருகிட்ட வாங்குற? மேய்க்கிறது யாரு, உன் மகன்தான் திருப்பூர் போயிட்டானே? போன தடவை வாங்குன மாடு என்னாச்சு? கால்மணி நேரம் நடந்துச்சு. கடைசில "இப்ப 10,000 வாங்கிக்க, ரெண்டு குட்டியோட ஆரம்பி, மிச்சத்தை அடுத்துப் பாப்போம்"னு முடிவாச்சு. அந்த அக்கா மூஞ்சியில கோபம் எதுவும் இல்ல.

சாப்பிடுறப்ப கேட்டேன், "எல்லாரு முன்னாடியும் இப்படிக் குடைஞ்சு கேக்குறீங்களே பெரியம்மா, சங்கடமா இருக்காதா?"

"எங்க காசுப்பா அது. கேக்காமக் கொடுத்தா அவளுக்கும் நல்லதில்ல, எங்களுக்கும் நல்லதில்ல. ஆமா, நீயும் ஏதோ குழு நடத்துறியாமே, எத்தனை பேரு?"

140-ன்னு சொன்னேன். கொஞ்சம் பெருமையாத்தான் சொன்னேன்.

"அத்தனை பேரு வீடும் உனக்குத் தெரியுமா?"

வீட்டை விடுங்க, பாதிப் பேரு முகமே எனக்குத் தெரியாது.

களஞ்சியம்னா என்ன?

நம்ம ஊர்லயே பிறந்த விஷயம் இது. நம்ம வயசுல பல பேருக்குத் தெரியல, அதனால கொஞ்சம் விளக்கமாச் சொல்றேன்.

1990 வாக்குல மதுரை மாவட்டத்துக் கிராமங்கள்ல, பிரதான்ங்கிற அமைப்போட வேலையா இது தொடங்குச்சு. 1997-ல அதுல இருந்து தானம் அறக்கட்டளை தனியா உருவாச்சு. அதோட தலைமை அலுவலகம் இன்னைக்கும் மதுரையிலதான் இருக்கு. ஒரு குழுவுல 15-ல இருந்து 20 பெண்கள். அவங்க காசை அவங்களே சேர்த்து, அவங்களுக்குள்ளயே கடன் கொடுத்துக்குவாங்க. வட்டியும் குழுவுக்குள்ளேயே தங்கும். கந்துவட்டிக்காரர் வீட்டுக்குப் போற காசு இங்க சுத்தும்.

1992-ல நபார்டு வங்கி, இந்த மாதிரி சுய உதவிக் குழுக்கள் 500-ஐ வங்கிகளோட இணைக்கிற பைலட் ஒண்ணை ஆரம்பிச்சுது. இன்னைக்கு நாடு முழுக்கப் பாக்குற மகளிர் குழுக் கடனுக்கு அதுதான் தொடக்கம். குழு ஏன் 20-க்குள்ளேயே நிக்குதுன்னு நான் யோசிச்சிருக்கேன். ஒரு காரணம் சட்டம். அப்போ இருந்த 1956-ம் வருஷத்துக் கம்பெனிகள் சட்டப்படி, லாபத்துக்காக 20 பேருக்கு மேல சேர்ந்து தொழில் நடத்தினா பதிவு பண்ணியே ஆகணும்னு இருந்துச்சு. அந்தத் தொல்லை வேணாம்னுதான் 20. ஆனா சட்டத்துக்காக வச்ச அந்த எல்லை, ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சுக்கிறதுக்கும் சரியான அளவா அமைஞ்சிருச்சு.

அடுத்ததுதான் எனக்குப் பெரிய விஷயமாப் பட்டது. புது ஆள் நிறைய வந்தா இருக்கிற குழுவைப் பெருசாக்க மாட்டாங்க. இன்னொரு குழு ஆரம்பிப்பாங்க. பக்கத்துப் பக்கத்துக் குழுக்கள் சேர்ந்து ஒரு தொகுப்பு, தொகுப்புகள் சேர்ந்து வட்டாரக் களஞ்சியம். வங்கில பேசுறது, இன்சூரன்ஸ், கணக்குப் பாக்குறது மாதிரி பெரிய வேலைகளை மேல இருக்கிற அமைப்பு பாத்துக்கும். ஆனா ஒருத்தருக்குக் காசு கொடுக்கலாமா வேணாமாங்கிறது அந்தச் சின்ன வட்டத்துலதான் முடிவாகும்.

சின்னப்பிள்ளை அம்மாவை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அழகர்கோவில் பக்கத்துக் கிராமத்துக்காரங்க, களஞ்சியம் தலைவி. பள்ளிக்கூடம் போனதில்ல. 2001 ஜனவரில டெல்லியில ஸ்த்ரீ சக்தி விருது கொடுக்கிறப்ப, பிரதமர் வாஜ்பாய் குனிஞ்சு அவங்க காலைத் தொட்டாரே, அந்த ஃபோட்டோ. 2019-ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க. விவசாயக் கூலி வேலை பாத்தவங்க. அதுவும் ஒரு கும்பலாப் பெண்களைச் சேர்த்துக்கிட்டு, அவங்க சார்பா நிலத்துக்காரங்ககிட்ட கூலி பேசி வேலைக்குப் போறது. யோசிச்சுப் பாருங்க, மாசச் சம்பளம் கிடையாது, வேலை இருந்தாத்தான் காசு, ரேட்டை நாமதான் பேசணும். அவங்களும் ஃப்ரீலான்ஸர்தான். நமக்கு முன்னாடியே இந்தப் பிரச்சினையை நம்ம ஊர்ல சந்திச்சவங்க.

வெளிநாட்டுலயும் இதே கணக்கு

இது நம்ம ஊர் விஷயம் மட்டும்தானான்னு தேடுனப்ப பெஞ்சமின் ஃப்ராங்க்ளின்கிட்ட போய் நின்னேன். 1727, ஃபிலடெல்ஃபியா. அவருக்கு 21 வயசு. பிரிண்டிங் தொழில்ல காலூன்றப் பாக்குறார். ஜுன்டோன்னு ஒரு குழு ஆரம்பிச்சார். 12 பேர், வெள்ளிக்கிழமை ராத்திரி கூடுவாங்க. படிச்சதைப் பேசுறது ஒரு பக்கம், தொழிலுக்கு ஒருத்தருக்கொருத்தர் உதவுறது இன்னொரு பக்கம். அவரு சொந்தமா அச்சகம் தொடங்குனப்ப, அந்தக் குழுவுல இருந்த ப்ரெய்ன்ட்னல்ங்கிறவர்தான் குவேக்கர் வரலாற்றுப் புத்தகத்துல 40 தாள் அச்சடிக்கிற ஆர்டரை வாங்கிக் கொடுத்தார். நம்ம பாஷையில சொன்னா, ரெஃபரல்ல வந்த ஆர்டர்.

அப்புறம் நிறையப் பேர் "எங்களையும் சேருங்க"ன்னு கேட்டப்ப, ஃப்ராங்க்ளின் வேணாம்னுட்டார். 12 பேர் போதும், வேணும்னா ஒவ்வொருத்தரும் தனியா ஒரு குழு ஆரம்பிங்கன்னார். அஞ்சாறு குழு அப்படி உருவாச்சு. அலங்காநல்லூர்லயும் ஃபிலடெல்ஃபியாவுலயும் ஒரே பதில்!

நாங்க மாத்தினது

அந்த மாசக் கடைசில எல்லாருக்கும் மெசேஜ் போட்டேன். பெரிய குரூப்பை மூடுறேன், அந்த மாசக் காசைத் திருப்பித் தர்றேன்னு. சில பேர் கோபப்பட்டாங்க. பல பேர் கவனிக்கவே இல்ல, அதுவே எனக்கு ஒரு பதில்தான். மறுபடி சேர விரும்பினவங்கள்ல 14 பேரோட ஆரம்பிச்சோம். தலைக்கு மாசம் 500. மொத்தம் 7,000 ரூபாய். 42,000 எங்க, 7,000 எங்க! முழுநேரக் கனவை அன்னைக்கே மூட்டை கட்டிட்டேன். என் சம்பளம் இருக்கிறதாலதான் இதை நடத்த முடியுது. இதை மறைச்சுட்டு "சின்ன குரூப்தான் சூப்பர்"னு சொன்னா அது ஏமாத்து வேலை.

ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா நேர்ல கூடுறோம். முதல் அரைமணி நேரம் கணக்கு. ஒவ்வொருத்தரும் நாலு நம்பர் சொல்லணும்: புதுசா எத்தனை பேர்கிட்ட பேசினேன், எத்தனை கொட்டேஷன் கொடுத்தேன், எத்தனை ஓகே ஆச்சு, கையில எவ்வளவு காசு வந்துச்சு. ஃபாலோயர் கணக்கு, லைக் கணக்கு எதுவும் கிடையாது. ரெண்டு கூட்டம் தொடர்ந்து "புதுசா யார்கிட்டயும் பேசல"ன்னு ஒருத்தர் சொன்னா, அவர்கிட்ட பிரச்சினை திறமையில இல்ல, கூச்சத்துலன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிரும்.

அப்புறம் ஒரு மணி நேரம் ஒரே ஒருத்தரோட விஷயம். பெரியம்மா குழுவுல ஆட்டுக் கடனைக் குடைஞ்ச மாதிரி குடைவோம். ஒரு உதாரணம் சொல்றேன்.

சிம்மக்கல் பக்கத்துல ஒரு தங்கச்சி, டிசைனர். லோகோவுக்கு 3,500 ரூபாய் வாங்குது. எத்தனை மணி நேரம் ஆகுதுன்னு கேட்டோம். யோசிச்சுட்டு, "க்ளையன்ட் திருத்தம் சொல்லிக்கிட்டே இருப்பாங்க, எல்லாம் சேர்த்து 30 மணி நேரம் வரும்ணே"ன்னுச்சு. 3,500-ஐ 30-ஆல வகுத்தா மணிக்கு 117 ரூபாய். கரன்ட், நெட், சாஃப்ட்வேர் எல்லாம் இதுக்குள்ள. அதுக்கு முன்னாடி அது இந்தக் கணக்கைப் போட்டுப் பாத்ததே இல்ல.

அடுத்த கேள்வி, உன் இன்ஸ்டாவைப் பாக்குறது யாரு? எடுத்துப் பாத்தா, முக்காவாசி மத்த டிசைனர்கள். அவங்க லைக் போடுவாங்க, லோகோ வாங்க மாட்டாங்க. சரி, யாரு வாங்குவாங்க? மதுரையில மசாலாப் பொடி, மரச்செக்கு எண்ணெய், முறுக்கு, அப்பளம்னு வீட்டுலயே ஆரம்பிச்சு கடைகளுக்குப் போடுற ஆளுங்க எத்தனை பேரு! அவங்களுக்கு வேணுங்கிறது லோகோ இல்ல, கடை அலமாரில எடுத்துப் பாக்கத் தூண்டுற பாக்கெட்.

அதனால வேலையையே மாத்துனோம். லோகோ, பாக்கெட் டிசைன், அச்சுக்கு ரெடியான ஃபைல் எல்லாம் சேர்த்து 12,000 ரூபாய். திருத்தம் ரெண்டு தடவைதான். பாதி அட்வான்ஸ். 20 பேரோட பாக்கெட்டைக் கடையில வாங்கி, எதுல என்ன குறைன்னு ஒரு பக்கம் எழுதி, நேர்லயே கொண்டுபோய்க் கொடுத்துச்சு. 20 பேர்ல ஆறு பேர் உட்கார வச்சுப் பேசினாங்க. ரெண்டு பேர் வேலை கொடுத்தாங்க. பதினெட்டுப் பேர் வேணாம்னதைக் கேக்குறதுக்கு அதுக்கு நாங்க தேவைப்பட்டோம். தனியா இருந்திருந்தா நாலாவது ஆளோட நிறுத்தியிருப்பேன்னு அதுவே சொல்லுச்சு.

இன்னொருத்தர் கல்யாண ஃபோட்டோகிராஃபர். ஆடி, மார்கழில முகூர்த்தம் இல்ல, வேலை இல்லன்னு புலம்புவார். குழுவுல ஒருத்தர் சொன்னார், "ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்லியிருக்காங்கல்ல, அதான் உங்களுக்கு விதைக்கிற மாசம்." இப்ப ஆடியில போன சீசன் குடும்பங்களை எல்லாம் போன்ல கூப்பிடுறார், மண்டபக்காரங்களைப் போய்ப் பாக்குறார். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்ல மல்லி விலை முகூர்த்த நாள்ல எங்கயோ போறதையும், மறுநாள் விழுறதையும் பாக்குற ஊர் நம்ம ஊரு. அந்த ஊர்ல இருந்துக்கிட்டு, முகூர்த்த நாளுக்கும் சாதா நாளுக்கும் ஒரே ரேட் வாங்கிக்கிட்டு இருந்தார். அதையும் மாத்திட்டார்.

காசு வரலைன்னா

அந்தத் தம்பி கேட்ட ரெண்டாவது கேள்விக்கு இப்ப பதில் சொல்றேன். கேக்குற எல்லாருக்கும் பயன்படும்.

உத்யம் ரெஜிஸ்ட்ரேஷன்னு ஒண்ணு இருக்கு. ஆன்லைன்ல, ஆதார் வச்சு, இலவசமாப் பண்ணலாம். பண்ணிட்டா சட்டத்து முன்னாடி நீங்க ஒரு குறு நிறுவனம். 2006-ம் வருஷத்து எம்எஸ்எம்இ சட்டப்படி, உங்ககிட்ட வேலை வாங்குன நிறுவனம், எழுத்துல ஒப்பந்தம் இருந்தா அதுல சொன்ன தேதிக்குள்ள காசு தரணும். அந்தத் தேதியும் 45 நாளைத் தாண்டக்கூடாது. ஒப்பந்தமே இல்லன்னா 15 நாள். தாண்டினா, ரிசர்வ் வங்கியோட வங்கி வீதத்தைப் போல மூணு மடங்கு வட்டி, அதுவும் மாசா மாசம் கூட்டு வட்டி. கேஸ் போடணும்னு சொல்லல. இன்வாய்ஸ்ல உத்யம் நம்பரையும் கடைசித் தேதியையும் ஒரு வரி எழுதுங்க. "இவனுக்கு விவரம் தெரியும்"னு எதிர்ல இருக்கிறவங்களுக்குப் புரியும். எங்க குழுவுல இப்ப அந்த வரி இல்லாம யாரும் இன்வாய்ஸ் அனுப்புறதில்ல.

இன்னும் சரியாகாதது

எல்லாம் சுபம்னு முடிக்க மாட்டேன். களஞ்சியத்துல எல்லாரோட காசும் நடுவுல இருக்கு, அதனால எல்லாருக்கும் அக்கறை. எங்ககிட்ட அப்படி ஒரு பொதுக் காசு இல்ல. அதனால சில பேர் தன் விஷயம் வர்ற அன்னைக்கு மட்டும் வந்துட்டு மத்த நாள் வர மாட்டாங்க. ரெண்டு தடவை சொல்லாம வரலைன்னா இடம் போயிரும்னு விதி வச்சோம். ஒருத்தரை அனுப்ப வேண்டி வந்துச்சு, கஷ்டமாத்தான் இருந்துச்சு.

ஒரே தொழில்ல ரெண்டு பேர் இருந்தா ரேட்டை வெளிப்படையாச் சொல்லத் தயங்குறாங்க. சில பிசினஸ் நெட்வொர்க்குகள்ல ஒரு தொழிலுக்கு ஒரே ஆள்தான்னு விதி இருக்கு. நாங்க அப்படி வைக்கல, ஏன்னா ஒரு எடிட்டரோட தப்பை இன்னொரு எடிட்டர்தான் கண்டுபிடிப்பார். ஆனா அந்தத் தயக்கம் இன்னும் முழுசாப் போகல.

காத்திருக்கிறவங்க லிஸ்ட்ல இப்ப ஒம்போது பேர் இருக்காங்க. அவங்களை நான் சேர்க்கப் போறதில்ல. அந்த டிசைனர் தங்கச்சி, "நான் ஒரு குழு ஆரம்பிக்கவாண்ணே?"ன்னு கேட்டிருக்கு. பெரியம்மா ஊர்ல பண்றதும் அதானே. ஆரம்பிம்மான்னு சொல்லிட்டேன்.

அந்த எடிட்டர் தம்பிக்கு அப்பவே போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் விடுங்கண்ணே"ன்னான். சென்னை வேலை பிடிச்சிருக்கான்னு கேட்டேன். "சம்பளம் ஒண்ணாந்தேதி வந்துருதுண்ணே"ன்னான். அது பிடிச்சிருக்குங்கிற பதிலா, இல்லைங்கிற பதிலான்னு எனக்குத் தெரியல. திரும்பி வாடான்னு நான் கூப்பிடல, அது அவன் முடிவு. ஆனா அந்த 6,000 ரூபாய்ல இன்னும் 4,000 பாக்கி இருக்காம். இந்த வாரம் நானும் எங்க குழுவுல ஒரு அக்காவும் சேர்ந்து அவனுக்கு அந்த லெட்டரை எழுதிக் கொடுக்கிறோம். காசு வந்துச்சுன்னா அடுத்த எபிசோட்ல சொல்றேன். வரலைன்னாலும் சொல்றேன்.

நீங்க ஏதாச்சும் குரூப் நடத்துறீங்கன்னா, இன்னைக்கு ராத்திரி ஒரு வேலை பண்ணுங்க. மேல தள்ளிப் போய், பதில் வராத கேள்வி ஏதாச்சும் கிடக்கான்னு பாருங்க. இருந்தா அவங்களுக்கு ஒரு போன் போடுங்க.

அடுத்த வாரம் பாப்போம். வரட்டுமா!